முந்நூற்று அறுபத்தைந்தாவது ஆய்வு

வான்புகழ் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர் யாரும் அதைத் தவறவிட முடியாது. சாலையோர நுழைவு வளைவைக் கோயில் கோபுரத்தைவிட உயரமாகக் கட்ட வேண்டும் என்பது வேந்தரின் ஆசை. அனுமதி கிடைக்காததால் அகலமாகக் கட்டினார். வளைவின் இடப்பக்கம் ‘ஆராய்ச்சி’ என்றும் வலப்பக்கம் ‘புத்தாக்கம்’ என்றும் தங்க எழுத்தில் எழுதியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் இரும்பு கேட். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூண்டு. கூண்டுக்குள் நேசையன் நின்றுகொண்டிருப்பார்.

நேசையன் தேவதானத்துக்காரர். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, ஆறு வருடமாக இங்கே செக்யூரிட்டியாக இருக்கிறார். ராணுவத்தில் இருந்து அவர் கொண்டுவந்த ஒரே கெட்ட பழக்கம், கேட்டைத் தாண்டும் எதையும் பதிவேட்டில் எழுதிவிடுவது. பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், காரணம். துணைவேந்தர் வந்தாலும் எழுதுவார், எருமை வந்தாலும் எழுதுவார், இரண்டுக்கும் ஒரே பேனாதான். ஆறு வருடத்தில் அந்தப் பதிவேட்டை ஒருத்தரும் புரட்டிப் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்தில் எழுதப்படும் மற்ற எதையும் யாரும் புரட்டிப் பார்த்ததில்லை என்பதால் நேசையனுக்கு இதில் வருத்தம் கிடையாது.

அவருக்கு இருந்த வருத்தம் வேறு. மகள் எலினா அங்கேயே மெக்கானிக்கல் இறுதியாண்டு படித்தாள். கோயம்புத்தூரில் தொழிற்கூட மேசை நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. முப்பதாம் தேதிக்குள் படிப்பு முடித்த சான்றிதழோடு வர வேண்டும்; இல்லாவிட்டால் வேறு ஆள். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். மிச்சமிருந்தது புராஜெக்ட்டில் வழிகாட்டியின் கையெழுத்து மட்டும்தான். அது நான்கு மாதமாக மிச்சமிருந்தது.

எலினாவின் புராஜெக்ட் ஒரு ஸ்டூல். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் பெண்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்து, ஒவ்வொருத்தியும் மெஷினுக்கு முன்னால் எத்தனை மணி நேரம் உட்கார்கிறாள், எங்கே வலிக்கிறது, முழங்கால் உயரம் எவ்வளவு என்று டேப் வைத்து அளந்தாள். உட்காருகிறவர் அளவுக்கு ஏற்ற உயரமும் முன்பக்கம் லேசான சரிவும் இருந்தால் இடுப்பு வலி பாதியாகக் குறைகிறது என்று கண்டுபிடித்தாள். முத்துப்பேச்சி என்ற தையல்காரப் பெண்ணின் அளவுக்கு வேம்பு மரத்தில் ஒரு ஸ்டூலும் செய்தாள். புராஜெக்ட் முடிந்ததும் அந்த ஸ்டூல் முத்துப்பேச்சிக்கு என்று பேச்சு. டிபார்ட்மெண்டில் வைக்க இடம் தராததால் அது அப்பாவின் கூண்டில் இருந்தது.

“அப்பா, நீங்க மட்டும் இதுல உக்காந்துறாதீங்க. நாலரையடி பொம்பளைக்குச் செஞ்சது. உங்க அளவு இல்ல.”

நேசையன் ஆறடி. உட்காரவில்லை. உத்தரவு என்றால் அவருக்கு உத்தரவுதான்.

எலினாவின் வழிகாட்டி டாக்டர் பாண்டிதுரை. அவர் அறைக்கதவில் ‘ஆய்வில் இருக்கிறார்’ என்ற பலகை தொங்கும். கதவு பூட்டியிருக்கும். மாணவர் வழிகாட்டியை இருபத்து நான்கு முறை சந்தித்திருந்தால்தான் கையெழுத்து என்பது விதி. எலினா முப்பத்தோரு முறை போனாள். வழிகாட்டியின் குறிப்பேட்டில் சந்திப்பு பூஜ்யம் என்று இருந்தது. அது உண்மையும்கூட. அவர் இருந்திருந்தால்தானே சந்திப்பதற்கு?

இந்தச் சமயத்தில்தான் இருபத்தெட்டாம் தேதி தரச்சான்றுக் குழு வருகிறது என்று கடிதம் வந்தது. பல்கலைக்கழகம் முழுவதும் வெள்ளையடிக்கப்பட்டது. அசையாமல் நின்ற மரங்களுக்குப் பெயர்ப்பலகை மாட்டப்பட்டது. பன்முகத்தன்மை இயக்குநர் டாக்டர் கல்பனா ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார். ‘நாளுக்கொரு ஆய்வு’ என்ற கண்காட்சியில் முந்நூற்று அறுபத்தைந்து மாணவர் ஆய்வுகள் வைக்கப்படும் என்று குழுவுக்கு எழுதியாகிவிட்டது என்றார்.

“நம்மிடம் ஆய்வு இருக்கிறதா என்று குழு கேட்கப்போவதில்லை,” என்று அவர் விளக்கினார். “எத்தனை வகை என்றுதான் கேட்கும். ஆகவே முதலில் வகைகளைச் செய்து முடித்துவிடுவோம். ஆய்வுகளை அடுத்த கல்வியாண்டில் பார்த்துக்கொள்ளலாம்.”

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். பிறகு எண்ணிப் பார்த்தார்கள். வந்திருந்த புராஜெக்ட்டுகளில் நாற்பத்தொன்று, கை காட்டினால் தானாக மூடி திறக்கும் குப்பைத்தொட்டி. எல்லாம் ராஜபாளையத்தில் ஒரே கடையில் வாங்கியது. அதிலும் ஒன்றுதான் திறந்தது. அது வேல்பாண்டி என்ற மாணவனுடையது. மற்ற நாற்பதும் திறக்கவில்லை, அல்லது மூடவில்லை.

டாக்டர் கல்பனா கலங்கவில்லை. தொட்டி ஒன்றாக இருந்தால் என்ன, தலைப்பு வேறாக இருந்தால் ஆய்வு வேறு என்றார். பொறியியல் துறையில் அது ‘உணரி வழி மூடி இயக்கம்’ ஆனது. தமிழ்த்துறையில் ‘திறத்தலும் அடைத்தலும்: ஓர் அகத்திணைப் பார்வை’ ஆனது. வணிகவியலில் ‘கழிவின் சந்தை உளவியல்’. யோகா துறையில் ‘கை நீட்டினால் மனம் திறக்கும்’. வேல்பாண்டி திரைக்குப் பின்னாலேயே தொட்டியைத் தூக்கிக்கொண்டு குழுவுக்கு முன்னதாக அடுத்த அரங்கத்துக்கு ஓட வேண்டும் என்று ஏற்பாடு. மூன்று நாள் ஒத்திகை நடந்தது. அந்த வருடம் அவன் மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான்.

இந்தத் தொட்டியால்தான் படிவம் ஏழும் பிறந்தது. யாரோ ஒரு மாணவன் தொட்டியைப் பக்கத்து ஊர் கல்லூரிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய்ப் பரிசும் வாங்கி வந்துவிட்டான். உடனே ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆய்வுப் பொருள் எதுவும் கேட்டைத் தாண்ட வேண்டுமானால், ‘இம்மாணவரின் ஆய்வை முழுமையாகப் படித்து ஏற்றுக்கொண்டேன்’ என்று வழிகாட்டி மூன்று நகலில் கையெழுத்திட வேண்டும். ஒன்று கேட்டுக்கு, ஒன்று தேர்வுத்துறைக்கு, ஒன்று மாணவருக்கு. சுற்றறிக்கையை எழுதியவர் டாக்டர் பாண்டிதுரை. அதை அவர் எங்கிருந்து எழுதினார் என்று தெரியவில்லை.

இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கடைசியாக எண்ணியபோது முந்நூற்று அறுபத்து நான்குதான் இருந்தது. காணாமல் போனது ஜெர்வின் என்ற மாணவனின் பால்கோவா. பால்கோவா எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பது அவன் ஆய்வு. முதல் மதிப்பீட்டுக் குழு பார்க்க வந்தது, பால்கோவா தீர்ந்தது. மறுபடி வாங்கி வைத்தான். இரண்டாம் மதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்றாவதாக வைத்ததைக் கண்காட்சி அலங்காரக் குழு அன்று காலையில் மதிப்பிட்டுவிட்டது. இந்தப் பல்கலைக்கழகத்தில் பால்கோவாவின் ஆயுள் அதிகபட்சம் பதினோரு நிமிடம் என்று ஜெர்வின் முடிவுரை எழுதியிருந்தான். முடிவுரை நேர்மையானது, ஆனால் பெட்டி காலி.

டாக்டர் கல்பனா வேர்த்து விறுவிறுத்து கேட் வரைக்கும் வந்தார், ஏதாவது மாணவன் ஏதாவது பொருளோடு வருகிறானா என்று பார்க்க. நேசையனுக்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

“மேடம், எம் மவ புராஜெக்ட் ஒண்ணு இங்கயே இருக்கு. ஒரு வருசமா செஞ்சது. நீங்க பாத்து ஒரு வார்த்த சொன்னா பாண்டிதுரை சார் கையெழுத்துப் போட்ருவாரு.”

“என்னது, ஸ்டூலா? இதில் சென்சார் இருக்கிறதா?”

“இல்ல மேடம். உக்காந்து வேல பாத்தா இடுப்பு வலிக்காது.”

“அதைக் குழு எப்படித் தெரிந்துகொள்ளும்? அவர்கள் நடந்துகொண்டேதானே பார்ப்பார்கள்?” என்று கேட்டார் டாக்டர் கல்பனா. “தவிரவும் வழிகாட்டி கையெழுத்தில்லாத ஆய்வை எப்படி வைப்பது? நமக்கென்று ஒரு தரம் இருக்கிறது.”

அப்போது அவர் கண் பதிவேட்டின் மேல் விழுந்தது. தடிமனாக இருந்தது. கையால் எழுதியிருந்தது. அட்டை கிழிந்து, பார்க்கவே ஆய்வு மாதிரி இருந்தது. நேசையன் வாயைத் திறப்பதற்குள் அது டாக்டர் கல்பனாவின் கக்கத்துக்குப் போய்விட்டது. பதினைந்து நிமிடத்தில் முந்நூற்று அறுபத்தைந்தாவது மேசையில் பட்டுத்துணி மேல் அமர்ந்தது. தலைப்பு: ‘வாயிலில் மனிதப் போக்குவரத்து: ஆறாண்டுத் தொடர் நோக்கு’. ஆய்வாளர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால் நேசையனையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எலினாவும் கூட்டத்தில் வந்து நின்றாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். காது கொஞ்சம் மந்தம், பசி கொஞ்சம் அதிகம். பொறியியல் அரங்கில் தொட்டிக்குக் கை காட்டினார், திறந்தது. தமிழ் அரங்கில் கை காட்டினார், திறந்தது.

“இதை இப்பத்தானே பார்த்தேன்?” என்றார்.

“அது பொறியியல் சார்,” என்றார் துணைவேந்தர். “இது இலக்கியம்.”

தலைவருக்குத் திருப்தி. யோகா அரங்கில் தொட்டிக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிராணாயாமம் என்றார்கள். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

கடைசி மேசைக்கு வந்தபோது தலைவருக்குக் கால் வலித்தது. ஒரே இடத்தில் நிற்க ஒரு சாக்காகப் பதிவேட்டைப் பிரித்தார். பிரித்ததோடு நிற்காமல் உரக்கப் படிக்கவும் ஆரம்பித்தார்.

“ஜூலை மூன்று. டாக்டர் பாண்டிதுரை. உள்ளே பதினொன்று ஐந்து. வெளியே பதினொன்று இருபது. காரணம், சம்பளச் சீட்டில் கையெழுத்து. எலினா, நான்காம் ஆண்டு. உள்ளே ஒன்பது. வெளியே ஐந்து பத்து. காரணம், வழிகாட்டியைப் பார்க்க. பார்க்கவில்லை.”

பக்கத்தைத் திருப்பினார்.

“ஜூலை ஏழு. எலினா. பார்க்கவில்லை. ஜூலை பத்து. எலினா. பார்க்கவில்லை. எருமை ஒன்று. உள்ளே இரண்டு மணி. நூலகம் வரை சென்றது.” தலைவர் நிமிர்ந்தார். “இந்த வருடம் நூலகம் வரை போனதாக வேறு யாரும் இதில் இல்லையே?”

நேசையன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். முப்பத்தோரு நாள். ஒவ்வொன்றும் நேரத்தோடு இருக்கிறது. இனி எந்தக் கொம்பனும் அந்தப் பிள்ளை வரவில்லை என்று சொல்ல முடியாது. எலினாவைப் பார்த்தார். அவள் கண்ணும் அப்படித்தான் சொன்னது.

துணைவேந்தர் சிரித்தார். நாற்பது வருட நிர்வாக அனுபவத்தின் சிரிப்பு அது.

“இது எங்கள் படைப்பாக்கப் பிரிவு சார். நாவல். பதிவேட்டு வடிவத்தில் ஒரு புதிய முயற்சி. வராத பேராசிரியர் என்பது ஒரு குறியீடு.”

“அப்படியா!” என்றார் தலைவர். “நடை ரொம்ப எளிமையாக இருக்கிறது. நிஜம் என்றே நம்பிவிட்டேன். அந்த எருமை அற்புதம். இதற்கு வழிகாட்டி யார்?”

குழுவுக்காகவே அன்று வந்திருந்த டாக்டர் பாண்டிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நான்தான் சார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் பங்களிப்பு இருக்கிறது. நான் இப்படி நடந்துகொண்டிருக்காவிட்டால் இந்த நாவலே உருவாகியிருக்காது.”

அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அன்று அந்த மேசையருகே பேசப்பட்ட உண்மை அது ஒன்றுதான்.

பகல் இரண்டு மணிக்குப் பரிசளிப்பு. மாணவர் படைப்பாக்கத்தில் முதல் பரிசு நேசையனுக்கு. அவர் மாணவர் இல்லை என்பதைச் சரிசெய்ய, ஒன்றரை மணிக்கு அவரைத் தொலைநிலைக் கல்வியில் சேர்த்துவிட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். நேசையன் மைக்கைப் பிடித்துச் சொன்னார்.

“ஐயா, இதுல ஒண்ணுகூட நான் இட்டுக்கட்டுனது இல்ல. அம்புட்டும் நெசம். எம் மவ முப்பத்தோரு நாளு போயிட்டு வந்தா.”

அரங்கமே எழுந்து கைதட்டியது. “பாருங்கள் சார்,” என்று டாக்டர் கல்பனா தலைவரின் நல்ல காதில் சொன்னார், “மேடையில்கூடப் பாத்திரத்தை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறார்.”

மூன்று மணிக்கு எலினா பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாள். பதிவேட்டில் தன் பெயர் இருக்கிறது, அதைப் பார்த்தாவது கையெழுத்து வாங்கித் தரச் சொன்னாள். பதிவாளர் மிகவும் பண்பானவர்.

“அம்மா, அது புனைவு என்று இரண்டு மணிக்கே ஆட்சிக்குழு தீர்மானம் போட்டாகிவிட்டது. கதையில் வரும் பெண் கதையை ஆதாரமாகக் காட்டினால் உலகம் என்ன ஆகும்? போகட்டும், அதில் உன் பாத்திரம் ரொம்ப உருக்கமாக இருந்தது.”

எலினா நேரே கேட்டுக்கு வந்தாள். முகம் சிவந்து போயிருந்தது.

“அந்தச் சால்வைய ஏன்ப்பா வாங்குனீங்க? கையில இருந்த ஒரே சாச்சி அதுதான். அதையும் கதைன்னு ஆக்கிட்டாங்க.”

“எனக்கு என்னட்டி தெரியும்? கூப்ட்டாங்க, போனேன். போர்த்துனாங்க, நின்னேன்.”

“நாள மறுநாள் முப்பது.”

ராணுவத்தில் பனிமலைக் காவலில் நின்றபோதுகூட இவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை நேசையன். சால்வையைச் சுருட்டிக் கூண்டின் மூலையில் எறிந்தார். எலினா தேர்வுத்துறையில் ஒரு தடவை அழுதாவது பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலே முக்காலுக்கு டாக்டர் பாண்டிதுரை கேட்டுக்கு நடந்து வந்தார். அவருடைய டிரைவரைக் குழுத் தலைவரின் காரில் பால்கோவா ஏற்ற அனுப்பியிருந்தார்கள். காலை ஒன்பதிலிருந்து வளாகத்திலேயே இருந்தது அவர் உடம்புக்குப் பழக்கமில்லாத காரியம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவரும் ஆறடி.

“சார், அதுல உக்காராதீங்க. அது உங்க அளவு இல்ல.”

“ஸ்டூலுக்கு என்னய்யா அளவு?” என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். “அடடா. எங்க வாங்குன இத?”

“வாங்கல சார். எலினா புராஜெக்ட்டு. நாலு மாசமா உங்க கையெழுத்துக்கு நடக்காளே, அந்தப் பிள்ள.”

“நல்லாருக்கே! இடுப்பு அப்படியே எறங்கிப்போச்சு. ஆபீஸ் ரூமுக்கு இதுதான் சரி. வீட்லயும் உக்காந்துக்கலாம். கார்ல ஏத்தச் சொல்லு.”

“ஏத்துறேன் சார். ஆய்வுப் பொருளு. படிவம் ஏழு இல்லாம கேட்டத் தாண்டக் கூடாது.”

நேசையன் இதைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. துணைவேந்தர் வந்து தூக்கியிருந்தாலும், எருமை வந்து தூக்கியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மேசை இழுப்பறையைத் திறந்து, மூன்று நகலை எடுத்து, மகளின் பெயரையும் பதிவு எண்ணையும் ஆய்வின் தலைப்பையும் கட்டை எழுத்தில் எழுதினார். ஒரு தடவை சரிபார்த்தார்.

“சார், எலினா ஆய்வ முழுசாப் படிச்சு ஏத்துக்கிட்டேன்னு இதுல போட்ருக்கு. ஆய்வேடும் இந்தா இருக்கு, எம்பது பக்கம்தான். ஒரு பார்வ பாத்துட்டுப் போடுங்க.”

“படிக்கிறதுக்கெல்லாம் எங்கய்யா நேரம்? குடு.”

மூன்றிலும் போட்டார். பேனாவைத் திரும்பிப் பார்க்காமலே நீட்டினார். கார் வந்தது. நேசையனே ஸ்டூலைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். பரிசு வாங்கிய பழைய பதிவேடு கண்காட்சியின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டதால் புது நோட்டை எடுத்து முதல் வரியை எழுதினார்: ‘டாக்டர் பாண்டிதுரை. வெளியே 4.58. உடன் ஸ்டூல் ஒன்று. படிவம் உண்டு.’

எலினா அழுத முகத்தோடு திரும்பி வந்தபோது ஸ்டூல் இருந்த இடம் காலியாக இருந்தது. நேசையன் இரண்டு நகலை நீட்டினார். அவள் கையெழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“படிச்சாராப்பா?”

“படிக்கலட்டி. உக்காந்தாரு.”

அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் முகம் சுண்டிப்போனது. நூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்ன வலியை எழுதியிருந்தாளே, அதில் ஒரு பக்கமாவது யாராவது பார்த்திருக்கலாம்.

“முத்துப்பேச்சி அக்காவுக்கு வேற செஞ்சு குடுத்துட்டுத்தான் கோயம்புத்தூரு போவேன்,” என்றாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்து திடுக்கிட்டாள். “அவரு எம்புட்டு ஒயரம்ப்பா?”

“என்னைய மாதிரிதான். உக்காராதீங்கன்னு சொன்னேன். சொகமா இருக்குன்னாரு.”

“மொத பத்து நிமிசம் யாருக்கும் சொகமாத்தான் இருக்கும். அளவு மாறி தெனம் உக்காந்தா ஒரு வாரத்துல நிமிர முடியாது. அம்பத்தாறாம் பக்கத்துல கட்டம் கட்டி எழுதியிருக்கேன்.”

நேசையன் ஆய்வேட்டை வாங்கி ஐம்பத்தாறாம் பக்கத்தைப் பிரித்து, நின்றுகொண்டே நிதானமாகப் படித்தார். கட்டம் கட்டித்தான் எழுதியிருந்தது. மூடி வைத்தார்.

தேர்வுத்துறை தன் நகலில் கையெழுத்தைப் பார்த்ததோடு சரி, சந்திப்புகளை எண்ணவில்லை; முப்பதாம் தேதிக்குள் எலினா சான்றிதழோடு போய்ச் சேர்ந்தாள். பல்கலைக்கழகத்துக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது; பன்முகத்தன்மைக்குத் தனிப் பாராட்டு. அடுத்த வாரமெல்லாம் டாக்டர் பாண்டிதுரை வரவில்லை. நேசையன் புது நோட்டில் வழக்கம்போல தேதியை எழுதி, பெயரை எழுதி, ‘வரவில்லை’ என்றும் எழுதினார். பாண்டிதுரை வராத நாட்களில் காரணம் என்ற கட்டம் ஆறு வருடமாக அவருடைய பெயருக்கு நேரே காலியாகத்தான் இருந்திருக்கிறது. முதல் முறையாக அதை நிரப்பினார்.

‘இடுப்பு.’